ஜித்தாவின் சுபஹ்

ஜித்தாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானம் வர ஆறு மணித்தியாலம். வாப்பா அங்கே லொறி ஓட்டப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த கணக்கு இது. நாலு வருஷமாக அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் நிக்காஹுக்கென்று ஒருபடியாகக் கிடைத்தது, அதுவும் அன்றைக்கே வந்து சேரும்படி.

“விடியச் சுபஹ் தொழுத கையோட ஏறிடுவன்” என்று போனில் சொன்னார். போதாதா? கல்யாண வேலை முழுக்கத் தலையில் போட்டுக்கொண்டிருந்த சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, விரல் மடக்கத் தொடங்கினார். சுபஹோடு ஏறினால் மத்தியானம் லுஹருக்கு முன்பே இறங்கிவிடுவார். அங்கிருந்து புத்தளத்துக்கு வேனில் மூன்று மணித்தியாலம். ஆகவே பின்னேரம் அஸருக்குப் பிறகு நிக்காஹ். குறிஞ்சிப்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. எங்கள் ஊரில் யார் மணிக்கூடு பார்த்து நேரம் சொல்கிறார்கள்? தொழுகையைச் சொன்னால் போதும், எல்லோரும் வந்துவிடுவார்கள். ஜித்தாவில் சுபஹுக்கு பாங்கு சொல்லும்போது எங்களுக்கு வெயில் ஏறியிருக்கும் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அன்று காலையில் வாப்பாவிடமிருந்து சத்தமில்லை. பறக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும் நேரம் போன் அடித்தது. “இப்பதான் இறங்கினன். பேக் வரும்வரைக்கும் நிக்கிறன்.” சாச்சாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“இதுக்கென்ன? வாப்பா போன்ல பொறுப்புக் குடுத்தா சாச்சாவே கைப்பிடிச்சுக் குடுக்கலாமே. மார்க்கத்துல எடமிருக்கு” என்றார் மாப்பிள்ளையின் மாமா. இடமிருக்கிறதுதான். வாப்பாவும் சரியென்றாராம். உம்மா என் அறைக்கு வந்து சம்மதம் கேட்டா.

எனக்கு வந்த கோபம்! “ஏலாது. வாப்பா வந்து கேட்டாத்தான் சொல்லுவன்.”

“ஆக்கள் காத்துக்கிட்டு இரிக்காங்க புள்ள. சோறு ஆறுது.”

“ஆறட்டும்.”

உம்மா தலையில் கைவைத்துக்கொண்டு போனா. நான் ஓம் சொல்லாமல் நிக்காஹ் நடக்காது. என் கையிலிருந்த ஒரே பிடி அதுதான். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை சொல்லியனுப்பினார்: அவசரமில்லை, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு வைப்போம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத அந்த மனுஷனை அப்போதுதான் எனக்குப் பிடித்தது.

எல்லோரும் மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பியபோது வேன் வந்தது. வாப்பா நேரே என் அறைக்கு வந்தார். சட்டை கசங்கி, தாடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. போன் படத்தில் அந்த நரை இவ்வளவு தெரிந்ததில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

“சாச்சாட கணக்கு நல்ல கணக்குதான், என்ன?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் தலையில் கைவைத்து, “மகள், இந்த மாப்பிள்ளைக்கு ஒன்னய முடிச்சுக் குடுக்கச் சம்மதமா?” என்று கேட்டார்.

நான் ஓம் என்றதும் எழும்பிச் சபைக்குப் போய்விடுவார். மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பார். பிறகு நான் குறிஞ்சிப்பிட்டிக்கு, இரண்டு கிழமையில் அவர் ஜித்தாவுக்கு. இத்தனை பேரைக் காக்கவைத்து வரவழைத்த ஆளை இவ்வளவு சுருக்காக எழும்பவிடுவதா?

வெளியே சாச்சா இருமினார். வாப்பா இன்னொரு தடவை கேட்டார். கேட்கட்டும் என்று நான் வாய் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.