சுக்கானியின் வலக்கைக் கடிகாரம்

சீனி முகம்மதுவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சூலியா ஸ்திரீட்டில் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். அந்த அஞ்சடியில் அவருடைய கடிகார மேசையும் என்னுடைய தையல் மேசையும் ஒட்டி ஒட்டி இருந்தன. நான் பாட்டுக்கு வெல்வெட்டை வெட்டி சொங்கோக் தொப்பி தைத்துக்கொண்டிருப்பேன். அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறு கண்ணால் தெருவைப் பார்த்துக்கொண்டு, வாயால் உலகத்தையே ரிப்பேர் செய்துகொண்டிருப்பார். காலையில் ஆரம்பித்தால் கடை கட்டும்வரை ஓயமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அவருக்குப் பிடித்த பைத்தியம் கைக்கடிகாரம். பெரிய சண்டைக்குப் போய் வந்த வெள்ளைக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆம்பிளைக்கு வளையலா என்று ஊர் சிரித்தது. சீனி முகம்மது மட்டும் சிரிக்கவில்லை. பினாங்கில் வசதியான வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் கடிகாரம் அலமாரிக்குள் நின்றுபோய்க் கிடக்கிறதே, அந்த எந்திரத்தைத் தூசு தட்டி மணிக்கட்டில் ஏற்றினால் என்ன என்று கேட்டார். கேட்டார் என்றால் ஒருநாள் இருநாள் இல்லை, என் காது புளிக்கும்வரை கேட்டார். ஆனால் வெட்டி ஒட்ட ஒரு கடிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. வாப்பா ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்பார்கள், மாமனார் போட்டது என்பார்கள்.

கடைசியில் கொடுத்தவன் சுக்கானி கமாலுதீன். ஜெட்டி என்னும் படகுத்துறையிலிருந்து நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு ஆளேற்றிப் போகும் மோட்டார் லாஞ்சில் சுக்கான் பிடிப்பவன் அவன். கப்பலின் ஏணிக்குப் பல லாஞ்சுகள் முறை போட்டு வரும். முறைக்கு முன்னால் போனாலும் ஏச்சு, பின்னால் போனாலும் ஏச்சு. அதனால் வழியெல்லாம் மணி பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்காகச் சட்டைப்பைக்குள் கை விட்ட நேரத்தில் இரண்டு முறை அவன் லாஞ்சு தொங்கான் என்னும் சரக்குப் படகில் உரசிவிட்டது. முதலாளியான சீனத் தவுக்கே கத்தவில்லை. இன்னொரு தடவை உரசினால் சுக்கானை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். சீனி முகம்மதுவைக் கமாலுதீன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"கடல விட்டா எனக்கு வேற வேல தெரியாது, நானா. கல்யாணத்துக்கு மாமா போட்ட ஜாம் இது. பொஞ்சாதி ரொஸ்னாகிட்ட சொல்லிட்டுத்தான் கொண்டாந்தேன். வெட்டுறதோ ஒட்டுறதோ, எனக்கு ரெண்டு கையும் சுக்கான்ல இருக்கணும் லா."

அந்த ஜாமை, அதாவது கடிகாரத்தை, சீனி முகம்மது வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்த பிள்ளையைக்கூட யாரும் அப்படி வாங்கியிருக்க மாட்டார்கள். பிரித்து, துருவைச் சுரண்டி, ஒடிந்திருந்த வில்லை மாற்றினார். பத்தரிடம் கொடுத்து வெள்ளிக் கூட்டின் தலையிலிருந்த வளையத்தை அறுத்தெடுத்து, மேலும் கீழும் வார் கோக்கக் கம்பி வளையம் பற்றவைத்தார். எந்தக் கை என்பதில் இருவருக்கும் பெரிய வழக்கு நடந்தது. நல்ல காரியமெல்லாம் வலது கையால்தான், கடிகாரமும் வலது கையில்தான் என்று கமாலுதீன் சாதித்தான். அப்படியென்றால் இடது கையால் சாவி கொடுக்க வாகாக, தலையிலிருந்த சாவித் திருகு இடப்பக்கம் வர வேண்டும். அதற்காகக் கடிகார முகத்தையே கால் சுற்று திருப்பி, புதுத் தகட்டில் எண்களை மயிரிழைத் தூரிகையால் அவரே எழுதினார். பழைய மூன்று இருந்த இடத்தில் புதிய பன்னிரண்டு வந்து உட்கார்ந்தது. முடிந்தபோது அது ஒரு சின்ன அப்பம் அளவு இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தவுக்கே தாமே லாஞ்சில் ஏறிப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். கடிகாரம் கடலில் நழுவி விழுந்துவிடக்கூடாதே என்று, அன்று உச்சிப்பொழுதில் சீனி முகம்மது தோல் வாரைக் கமாலுதீனின் மணிக்கட்டில் சுற்றி, என் ஊசியை வாங்கி, கழற்றவே முடியாதபடி வாரின் இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்துவிட்டார். இரண்டு பேரும் பூரித்துப்போய், கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

சிறிது நேரத்தில் சீனி முகம்மது தெருவில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கையில் அறுந்த வார், வாரில் சொட்டச் சொட்டக் கடிகாரம். பின்னாலேயே கமாலுதீன். பள்ளிவாசல் தடாகத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைவரை தண்ணீரை அள்ளி ஊற்றித் தொழுகைக்கான ஒளு செய்திருக்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்து இவரும் செய்திருக்கிறார். வலது கையைக் கழுவி முடிக்கும்வரை இருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எந்தக் கை, என்ன நிறம், என்ன எழுத்து என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இது தோன்றவில்லையே. சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த சீனி முகம்மதுவின் மனைவி ஹபீபா பீவி கதவு மறைவில் நின்று விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அஞ்சு வேளையும் கை கழுவுற மனுசங்க நீங்க. அந்தக் கையில கழட்ட முடியாம ஜாமைத் தச்சீங்களாக்கும்."

"சிரிக்காத புள்ள. பழைய மல்லுத்துணி இருந்தா கொண்டா, சீக்கிரம்."

துணி வந்தது. சீனி முகம்மது எந்திரத்தை அக்கக்காகப் பிரித்து, பெட்ரோலில் முக்கி, துணியில் ஒற்றி, ரப்பர் பந்தால் ஊதி உலர்த்தினார். நான் அறிந்தவரை அவர் வாய் மூடி வேலை செய்தது அன்று ஒருநாள்தான். நான் கழற்றி மாட்டுகிற வாருக்காகக் கறுப்பு வெல்வெட்டில் பட்டை வெட்டி, ரவிக்கைக்கு வைக்கும் கொக்கியை ஒரு நுனியில் வைத்துத் தைத்தேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கை பரபரவென்று ஓடியது. அஞ்சடியில் கூட்டம் கூடிவிட்டது. பிற்பகல் தொழுகையான அஸர் தொழுத கையோடு கமாலுதீன் ஜெட்டிக்குப் போயாக வேண்டும், போய்விட்டான். கடிகாரம் இன்னும் துண்டு துண்டாகத்தான் கிடந்தது.

கடைசித் திருகாணியை முடுக்கிச் சாவி கொடுத்தார். ஓடவில்லை. லேசாகத் தட்டினார். ஓடியது. கூட்டத்தில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அதற்குள் நாங்கள் இருவரும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஜெட்டியில் லாஞ்சின் கயிறு அவிழ்ந்துவிட்டது. முன்பலகையில் தவுக்கே குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். சீனி முகம்மதுவுக்குக் கடல் என்றால் குலை நடுங்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த நாளிலிருந்து அவர் படகில் கால் வைத்ததில்லை. அந்த மனிதர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினார். விட்டுவிட்டு நிற்க எனக்கு மனமில்லை, நானும் தாவினேன். சுக்கானின் பின்னால் போய், கமாலுதீனின் வலது கை சக்கரத்தில் இருக்கும்போதே பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். பிறகு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஓடுதா?"

"ஓடுது, நானா" என்றான் கமாலுதீன்.

அலை ஒன்று தூக்கிப் போட்டது. கப்பலைச் சுற்றித் தொங்கான்களும் சின்னச் சம்பான் படகுகளும் மொய்த்துக் கிடந்தன. முள் சுற்றுகிறதா என்று கமாலுதீனின் மணிக்கட்டையே நான் வெறித்துக்கொண்டிருந்தேன். அவனும் கண்ணை மட்டும் தாழ்த்தி மணி பார்த்தான். கை அசையவில்லை. எந்திரக்காரனிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னான்.

"இப்ப ஓடுதா?" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம்.

"ஓடுது, பேசாம இருங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அரிசி மூட்டை ஏற்றிய தொங்கான் ஒன்று எங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தவுக்கே குடையோடு எழுந்துவிட்டார். கமாலுதீன் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுழற்றினான். லாஞ்சு சாய்ந்து, தொங்கானின் கயிற்றை மட்டும் தடவிக்கொண்டு, அதன் பின்பக்கமாக வளைந்து வெளியே வந்தது. மறுபடியும் ஒரு பார்வை மணிக்கட்டை. வேகத்தைக் கூட்டச் சொன்னான். முன்லாஞ்சு விலகியதும் எங்கள் லாஞ்சு போய் நின்ற இடத்தில் ஏணி இருந்தது. எங்களை யாரும் ஏசவில்லை.

தவுக்கே கமாலுதீனையும் பார்த்தார், அவன் கையிலிருந்த அந்த அப்பத்தையும் பார்த்தார். "நாளைக்கும் நீயே ஓட்டு லா" என்று மலாயில் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார்.

சீனி முகம்மது அப்போதும் கண் திறக்கவில்லை. தலையை வெளியே நீட்டி இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். "தவுக்கே என்ன சொன்னாரு? கமாலு, மணி சரியா காட்டுச்சா?" என்று மூடிய கண்ணோடு கேட்டார்.

"கண்ணத் தொறந்து பாருங்க, நானா" என்று கமாலுதீன் அவர் முன்னால் வந்து குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். சக்கரத்தை இறுக்கிப் பிடித்த தடம் இரண்டிலும் ஒரேமாதிரி சிவந்து பதிந்திருந்தது. "ஜெட்டியிலேருந்து இங்க வர்ற வரைக்கும் ஒரு கையையும் எடுக்கல."

சீனி முகம்மது அந்தக் கைகளைப் பிடித்துத் தம் முகத்தில் வைத்துக்கொண்டு, பயணிகள் எல்லாரும் பார்க்க, விசும்பி விசும்பி அழுதார். சந்தோஷத்தில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது.