பூண்டுக்குக் கிடைத்த சான்றிதழ்

வட்டவடையில் ஐந்து கிலோ பூண்டு வாங்கிக்கொண்டு ஜீப்பில் மூணாறுக்கு வந்துகொண்டிருந்தேன். மாட்டுப்பட்டியில் ஏறிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வலது கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே இருந்தது.

"விரல் வலிக்குதாம்மா?" என்றேன்.

"இல்லக்கா, லேப்ல சொட்டுச் சொட்டா அளந்து விட்டே இப்படிப் பழகிருச்சு" என்று சிரித்தாள்.

தேயிலை எஸ்டேட் லயத்துப் பெண்; தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். மரபணு ஆராய்ச்சியில் பிஎச்டி சேர இடம் கிடைத்திருந்தது. இட ஒதுக்கீட்டு இடம் என்பதால், குடும்பம் கேரளத்தைச் சேர்ந்ததுதான் என்று பூர்வீகச் சான்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான்காவது முறையாக வில்லேஜ் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"பூட்டன் எப்ப இங்க வந்தாருன்னு பேப்பர் கேக்காங்கக்கா. தமிழ்நாட்டுல இருந்து கொழுந்து கிள்ள வந்தவருக்கு யாரு பேப்பர் குடுத்தா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு தலைமுறையாக இந்த மலையில் முதுகொடிய உழைத்த குடும்பத்திடம் எந்த வாயால் இதைக் கேட்கிறார்கள்?

அவள் என் பையை எட்டிப் பார்த்தாள். எம்எஸ்சி படிக்கும்போது மைக்ராஸ்கோப்பில் அவள் ஆராய்ந்தது இந்தப் பூண்டின் வேர் செல்களைத்தானாம்.

"இதுக்குப் புவிசார் குறியீடு இருக்குக்கா. இந்த ஊருதான்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. எனக்குத்தான் எழுத ஆளில்ல."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூணாறில் இறங்கி, ஃபைலைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மழையில் நடந்தாள்.

பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பூண்டு உரிக்கக் கை வரவில்லை. ஆபீஸ் மூடும் ஐந்து மணிவரை கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.