ஒரே வீட்டுக்கு இரண்டு மாகாணம்

போன வெள்ளிக்கிழமை மகள் சீனச் சாப்பாடு வாங்கிவந்து பெட்டியைத் திறந்தாள். அதில் ஒரு சாமான் கிடந்தது, பார்க்க மிளகு மாதிரி. ஆனால் மிளகில்லை. கடித்தால், பல் டாக்டர் ஊசி போட்டதுபோல நாக்கு விறைத்துப்போகும். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"இது சிச்சுவான் மிளகு. அந்த மாகாணத்தை எத்தினை தரம் வெட்டி ஒட்டினவங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"அப்பா, சாப்பாடு ஆறுது" என்றாள்.

ஆறினால் சூடாக்கலாம். அவள் கேட்காத கதையை நீங்களாவது கேளுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று மனைவி திருத்துவாள். இருக்கட்டும். இன்றைக்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு மூன்று கடை. ஹரோவில் இருக்கிற என் சகலன் டாக்டர், சுவர் நிறையச் சான்றிதழ். அவரிடம் ஒருநாள், "சிகாங் மாகாணம் எங்க இருந்தது, சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். முழித்தார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

எண்பத்தைந்தில் லண்டன் வந்தேன். முதல் வேலை குரொய்டனில் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில். பாத்திரம் கழுவுவது, மேசை துடைப்பது, வெங்காயம் உரிப்பது. வெங்காயம் உரிப்பதில் என் வேகத்துக்கு அந்தத் தெருவிலேயே ஆளில்லை. தலைமைச் சமையற்காரர் பெயர் லியூ. என்னிலும் ஒரு வயது மூத்தவர் என்று தெரிந்ததும் "லியூ அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினேன். கருத்துக் கேட்டார், சொன்னேன். அடுத்த நாளிலிருந்து நான் அவருக்குத் "தம்பி". மற்றதெல்லாம் உடைந்த இங்கிலிஷில்தான் பேசிக்கொண்டோம். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் விளங்காது, எனக்கும் மரியாதை இல்லை. அதனால் இங்கே லியூ யாழ்ப்பாணத்தார் மாதிரிப் பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மாட்கள் ஒருவரைக் கண்டால் பெயருக்கு முதல் ஊரைத்தானே கேட்போம்? கேட்டேன்.

"யா-ஆன்" என்றார். தேயிலையும் மழையும் உள்ள ஊராம்.

"அது எந்த மாகாணம்?"

"நான் பிறக்கேக்க சிகாங். இப்ப சிச்சுவான்."

"அப்ப இடையில வீடு மாறினனீங்களோ?"

"வீடு அங்கயேதான் தம்பி. மாகாணம்தான் மாறினது."

அவருடைய அப்பா அதே வீட்டில் பிறந்தபோது ஊர் சிச்சுவானில் இருந்ததாம். பிறகு முப்பத்தொன்பதில் சிச்சுவானின் மேற்குப் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி, அதற்கு அப்பாலிருந்த மலைப்பகுதியோடு ஒட்டிச் சிகாங் என்று தனி மாகாணம் ஆக்கினார்கள். அதில் லியூ பிறந்தார். ஐம்பத்தைந்தில் சிகாங்கையே கலைத்தார்கள். ஊர் திரும்பவும் சிச்சுவானுக்குள் போனது. அதற்குப் பிறகு தங்கை பிறந்தாள். ஒரே வீட்டில் அப்பன் சிச்சுவான், மகன் சிகாங், மகள் சிச்சுவான்!

"கடைசி நாலைஞ்சு வருசம் எங்கட யா-ஆன்தான் சிகாங்குக்குத் தலைநகரம், தெரியுமோ?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அதற்குப் பிறகு நான் விடுவேனா? "தலைநகரத்தாருக்கு எத்தினை வெங்காயம் வேணுமாம்?" என்றுதான் தினமும் கேட்பேன். கரண்டியால் எறிவார். குறி தப்பும்.

பிற்காலத்தில், தொண்ணூற்றேழில், சோங்சிங் என்ற பெரிய நகரத்தையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களையும் சிச்சுவானிலிருந்து வெட்டித் தனியாக்கினார்கள். அப்போது நான் சொந்தக் கடை போட்டுவிட்டேன். லியூ வேலைமெனக்கெட்டு போன் எடுத்தார். "தம்பி, திரும்பவும் கத்தரிக்கோலை எடுத்திட்டாங்கள்!"

இதில் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை என்பது மனைவியின் கட்சி. நான் பரந்தன்காரன். ஆனால் அந்தக் காலத்தில் பரந்தன் யாழ்ப்பாண மாவட்டம் என்பதால் யார் கேட்டாலும் "யாழ்ப்பாணம்" என்றுதான் சொல்வேன், அதில் ஒரு கெத்து. மனைவி யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில், அசல் கொக்குவில்காரி. எண்பத்து நாலில் கிளிநொச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், பரந்தன் அதற்குள் போனது. "அப்ப நீங்கள் இனி யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை இல்லை. எங்கட அப்பர் ஏமாந்துபோனார்" என்றாள். மூத்தவள் பிரிப்பதற்கு முதல் பிறந்தவள், இளையவன் பிரித்த பிறகு. இரண்டும் ஒரே கிளிநொச்சி ஆஸ்பத்திரி. நான் வந்து மூன்று வருடம் கழித்து அவர்களும் லண்டன் வந்துசேர்ந்த பிறகும், மூத்தவள் தம்பியைப் பார்த்து, "நான் யாழ்ப்பாணம், நீ கிளிநொச்சி, அங்கால தள்ளி இரு" என்பாள். தாய் பழக்கிய வேலை.

தொண்ணூறாம் ஆண்டு வாக்கில் லியூவின் தாய் போய்ச் சேர்ந்தார். தகப்பன் முன்னமே இல்லை, இனி இரத்த உறவென்று அந்தத் தங்கை ஒருத்திதான். லியூ பதின்மூன்று வயதில் சித்தப்பனோடு களவாக ஹாங்காங்குக்கு ஓடியவர். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு கண்டதில்லை. அவருக்குத் திரும்பிப் போகப் பயம். அவளை விசிட் விசாவில் ஒரு மாதம் கூப்பிடலாம் என்று யோசித்தார்.

"என்னட்டத் தாங்கோ" என்றேன். தோர்ண்டன் ஹீத்தில் பாதிப் பேருக்குப் போர்ம் நிரப்பியவன் நான். லண்டனின் மற்றக் கோடி, ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் வருவார்கள். அண்ணன், தங்கை இருவருக்கும் பிறந்த இடம் "யா-ஆன், சிச்சுவான்" என்று ஒரேமாதிரி அழகாக எழுதினேன். என் வீட்டில் எல்லோரையும் யாழ்ப்பாணம் என்று எழுதிப் பழகிய கை அது. லியூவின் பழைய ஹாங்காங் அடையாளக் காகிதத்தையும் கூடவே இணைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

பதில் வந்தது. காகிதத்தில் அண்ணன் பிறந்த மாகாணம் சிகாங், விண்ணப்பத்தில் சிச்சுவான். இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? விசா இல்லை.

லியூ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லது. "உனக்குச் சிகாங் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன் தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு கிழமை என்னோடு பேச்சில்லை. மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு அடிப்பிடித்த சோறு.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்த மனுசனுக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி. திருப்பி எழுதுங்கோ" என்றாள். இரண்டு இரவு இருந்து நானே எழுதினேன். முதல் வரி இன்றைக்கும் பாடம்: "ஐயா, வீடு நகரவில்லை, மாகாணம்தான் நகர்ந்தது. வீடு அதே இடத்தில் நிற்கிறது." இப்படியெல்லாம் உலகத்தில் நடக்கும் என்பதற்கு அத்தாட்சியாக என் இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்த்து இணைத்தேன். ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு மாவட்டம்.

"சீனாக்காரியின்ர விசாவுக்கு எங்கட பிள்ளையளின்ர பேர்த் சேர்ட்டிபிக்கட்டோ? உங்களுக்கு என்ன விசரே? ரெண்டையும் சீனாவுக்கு அனுப்பிப்போடப் போறாங்கள்!" என்று மனைவி தலையில் கைவைத்தாள். பிறகு அவளே நூலகத்துக்குப் போய், அங்கே வேலைசெய்த பெண்ணைக் கெஞ்சி, பழைய தேசப்படம் ஒன்றில் சிகாங் இருந்த பக்கத்தைப் பிரதி எடுத்துவந்து உறைக்குள் வைத்தாள்.

விசா கிடைத்தது. தேசப்படத்தால்தான் என்கிறாள். நான் என் கடிதத்தால் என்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகியும் இந்த வழக்கு முடியவில்லை.

தங்கை வந்தாள். சின்ன உருவம், கையில் செங்கல் மாதிரி அமுக்கிக் கட்டிய தேயிலை. முதல் இரண்டு நாளும் அண்ணனும் தங்கையும் விருந்தாளிகள் மாதிரி ஆளையாள் உபசரித்தார்கள். ஹாங்காங் பேச்சிலேயே பழகிப்போன லியூவுக்கு ஊர்ப்பேச்சு தடக்கியது. மூன்றாம் நாள் காலை, கடை திறக்குமுன், அவளைச் சமையலறைக்குக் கூட்டிவந்தார். எனக்கு என் கடிதத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். "வீடு இப்ப எப்பிடி இருக்காம், கேளுங்கோ" என்றேன்.

கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ நீளமாகச் சொன்னாள். லியூ மொழிபெயர்க்கவில்லை. மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னவாம்?"

"இல்லையாம்."

"என்ன இல்லையாம்?"

"வீடு. ரோட்டுப் போட இடிச்சுப்போட்டாங்களாம். ஏழு வருசமாச்சாம். எனக்கு எழுத வேண்டாமெண்டு அம்மா சொன்னவவாம்." கடிதமெல்லாம் தங்கை வேலைசெய்த தேயிலைத் தொழிற்சாலை முகவரிக்கே போய்வந்ததால் அவருக்குத் தெரிய வழியில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, வீடு நிக்குது எண்டு நீ அரசாங்கத்துக்குப் பொய் எழுதிப்போட்டாய்."

அவர்தான் முதலில் சிரித்தார்.

பிறகு மேசையில் உலர்ந்த மாவைப் பரப்பி விரலால் ஒரு கோடு கீறினார். சுவர். அடுப்பு. கதவு. தங்கை அவர் கையில் ஒரு அடி போட்டு, கதவை அழித்து மற்றப் பக்கம் வைத்தாள். லியூ குரலை உயர்த்தினார். அவள் அதற்கு மேல் உயர்த்தினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அது உடன்பிறந்தவர்களின் சண்டை என்பதற்கு எந்த நூலகத்திலும் ஆதாரம் தேட வேண்டியதில்லை. கடைசியில் ஒரு மூலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலை வைத்தார்கள்.

"இதிலதான் கட்டில். நான் பிறந்ததும் இதில, இவள் பிறந்ததும் இதில" என்றார் லியூ.

அந்த உணவகம் இப்போது கைத்தொலைபேசிக் கடை. லியூ அண்ணை போய்ச் சேர்ந்து ஆறு வருடம். என் பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரியும் யுத்தத்தில் நொறுங்கி, இப்போது வேறு கட்டடம். சிகாங் என்று கேட்டால் தெரிந்தவர் இல்லை. அந்த வீடு மட்டும், இடித்து ஏழு வருடம் கழித்து, குரொய்டனில் கால் மணி நேரம் நின்றது. பன்னிரண்டு மணிக்கு முதல் ஓடர் வந்தது. லியூ எழுந்து அடுப்பை மூட்டினார். தங்கை ஒதுங்கி நின்றாள்.

மேசை துடைப்பது என் வேலை. துடைத்தேன்.