ஜெயபால் சாருக்கு இங்கிலீஷ் வராதாம்

ஜெயபால் சார் போய்ட்டார். முந்தாநாள் காலைல, தியாகதுருகத்துல அவர் வீட்லயே... ஹார்ட் அட்டாக். இன்னிக்குத்தான் எடுத்தோம்.

கரும்பு ஆலை ஆபீஸ்ல பதினெட்டு வருஷம் எனக்குப் பக்கத்து டேபிள். வடநாட்டு இன்ஜினியருங்க வந்தா இங்கிலீஷ்ல பேசறதுக்கு எல்லாரும் இவரைத்தான் முன்னாடி தள்ளிவிடுவோம். நிறுத்தி நிதானமா பேசுவார், எனக்கே புரியும்.

ரிட்டயர் ஆனதும் அமெரிக்கால இருக்கற பையன் கூட்டிக்கிட்டுப் போனான். ஆறு மாசம்னு போனவர் மூணே மாசத்துல திரும்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைல கேட்டேன். "இன்னா சார், அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"என் பையன் மூணு இங்கிலீஷ் வெச்சிகினு இருக்கான்யா. வெள்ளைக்காரன்கிட்ட ஒண்ணு, அங்க இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட ஒண்ணு, வூட்ல புள்ளைகிட்ட ஒண்ணு. சட்டை மாத்தற மாதிரி மாத்தறான். என்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அது அவனுக்கு அசிங்கமா இருக்குதாம்."

கடைக்குப் போனா, "அப்பா, நீங்க பேசாதீங்க, நான் பேசிக்கறேன்"னு முன்னாடி வந்து நிப்பானாம்.

ஒரு பர்த்டே பார்ட்டில ஒன்பது வயசுப் பேத்தியைக் கூப்பிட்டு, "தாத்தா மாதிரி பேசிக் காட்டு"ன்னானாம். அதுவும் தலையை ஆட்டி ஆட்டி அப்படியே பேசிச்சாம். வந்திருந்தவங்க எல்லாம் நம்ம தமிழ்க்காரங்கதான்... விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்.

நானும் சிரிச்சுட்டேன். கையில டீ கிளாஸோட, ஈன்னு. சார் சிரிக்கல. இப்ப நினைச்சா என் மேலயே எரிச்சலா வருது.

அதுக்கப்புறம் அவர் வாய்ல இங்கிலீஷ் வந்து நான் கேட்டதே இல்ல. போன வருஷம் என் பொண்ணு இன்டர்வியூக்குப் பேசிப் பழகணும்னு அவர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். "எனக்கு வராதும்மா"ன்னுட்டார். யாரு... ஜெயபால் சார்!

பையன் மட்டும் பிளைட் புடிச்சு வந்தான். ஐஸ் பெட்டிக்கு மேல போனைப் பிடிச்சு, வீடியோ கால்ல பேத்திக்கு முகத்தைக் காட்டினான். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் வராது. தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே என்னென்னவோ வேகமா பேசிச்சு. 'சாரி'ங்கறது மட்டும்தான் எனக்குப் புரிஞ்சுது.

"இன்னாடா சொல்து பாப்பா?" சாரோட வீட்டம்மா மகனைக் கேட்டாங்க.

"ஒண்ணுமில்லம்மா"ன்னு போனை ஆஃப் பண்ணிட்டான்.

கூடம் நிறைய ஆளுங்க இருந்தோம். அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனுஷன் பெட்டிக்குள்ள இருந்தார்.

மனசு ஆறல சார்... போய்ட்டு வாங்க.