மேல் கடைவாய்ப் பல்

ஒரு சொத்தைப் பல்லை, என் கண்ணைக் காப்பாற்றுவதற்காக, நான்கு வருடம் வாயில் வைத்திருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்புகிறவர்களைக் கிண்டல் செய்தே பத்திரிகைகளில் பெயர் வாங்கியவன் நான்.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு வேலை. நகைச்சுவை எழுதுவது உபதொழில், படிப்பது உயிர். வலதுபக்க மேல் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியபோது எடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். ஆபீஸ் வாசலில் ஒரு பழைய டிரைவர் மறித்தார். வண்டி ஓட்டுவதை விட்டபின் பகலெல்லாம் எங்கள் பெஞ்சில்தான் இருப்பார். வீங்கிய கன்னத்தைப் பார்த்து, மேலா கீழா என்று கேட்டார். மேல் என்றேன்.

"மேல் பல்லு மட்டும் புடுங்கீராதீங்க சாமி. அதோட நரம்பு நேரா கண்ணுக்குப் போவுது. எங்கூட வண்டி ஓட்டுனவரு இப்படித்தான் புடுங்கிப்போட்டு, இன்னைக்கு ஊட்டுல உக்காந்திருக்கறாரு."

சிரித்தேன். சிரித்துவிட்டு, பல் டாக்டரிடம் போகாமல் கிராம்புத் தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புத்தி நம்பவில்லை, கால்தான் நம்பியது.

அப்புறம் என் சாப்பாடு மென்மையாகிக்கொண்டே போனது. முதலில் கறியும் நிலக்கடலையும் நின்றன, பிறகு காய். காலையில் டீயில் நனைத்த பன், மற்ற வேளை குழைந்த சோறு. ஏற்கெனவே இருந்த சர்க்கரை ஏறியது. சர்க்கரை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பிறகு ஊசிக்கு மாற்றினார். ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொன்னதில்லை. கேட்காமல் திறந்து காட்டும் பழக்கம் எனக்கும் இல்லை. ஈறு வீங்கிச் சீழ் வைத்தது, வற்றியது, மறுபடி வைத்தது, பக்கத்துப் பற்களுக்கும் பரவியது. மனைவி தன் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில், வலக்கண்ணுக்கு மட்டும் ஒட்டடை தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், கண்ணைத் துடைத்தேன். ஒட்டடை நகர்ந்ததே தவிரப் போகவில்லை.

சேலத்துக் கண் டாக்டர் என் வயதில் பாதி இருப்பார். இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிவிட்டு நெருங்கி வந்தவர், முகக்கவசம் போட்டிருந்தும் சட்டென்று பின்வாங்கினார். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, ஆபரேஷன் வேண்டும், அதற்கு முன்னால் சர்க்கரை இறங்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்:

"வாயில சீழ் எத்தனை நாளா இருக்குதுங்க?"

நரம்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் அவமானமாக இருந்தது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்றார். வாயில் சீழ் இருக்கும்வரை சர்க்கரை அடங்காது, சர்க்கரை அடங்காதவரை ஈறு ஆறாது, இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கண்தான் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

மேல் வரிசையில் ஏழு பற்கள் போயின. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. சர்க்கரை வேண்டாவெறுப்பாக இறங்கியது. அதற்குள் கண்ணின் உள்திரை கிழிந்து விலகிவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். வலக்கண்ணுக்கு இப்போது வெளிச்சம் தெரியும். வெளிச்சத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இடக்கண்ணிலும் கசிவு தொடங்கியிருக்கிறது, எழுத்து கலங்கித் தெரிகிறது. இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். டாக்டர் அடுத்த முறை வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார்.

சங்ககிரியில் வரலாறு வேறு விதமாகப் பதிவாகிவிட்டது. படித்த மனுசன், சொல்லச் சொல்லக் கேட்காமல் மேல் பல்லைப் பிடுங்கினார், கண் போயிற்று என்று அந்தப் பழைய டிரைவர், பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டுகிறார். நான் மறுத்துப் பார்த்தேன். ஆனால் ஊர் கண்டது, பல் முதலில் போனது, கண் பிறகு போனது. சாட்சி அவர் பக்கம்தான். ஆபீஸில் இப்போது இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறார்கள். என் முகத்தைப் பார்த்தபின் அவர்கள் பல் டாக்டரிடம் போகப் போவதில்லை.

போன வாரம், படிக்காமல் இருக்க முடியாமல், என் கடைசிக் கட்டுரை வந்த பத்திரிகையை மனைவியிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். சிரிப்பு வந்தால் கழன்றுவிடுமே என்று பல்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரேஷன் கடை அறிவிப்பைப் படிப்பதுபோல ஒரே மூச்சில் கடைசி வரிவரை படித்தாள். பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"ஏனுங்க, இதுல சிரிக்கோணும்னா எந்த எடத்துலீங்க?"