எதிர்ச்சரிவுக்குத் திருப்பிய குழாய்

எண்பதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை கலசப்பாக்கத்தில் என்னோடு வேலை பார்த்தவர். பெண் மலையில் பிறந்தவள். பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. ரேடியோ செட்காரர் எங்களோடு வந்தார். ஊரில் மின்சாரம் இல்லாததால் இரண்டு கார் பேட்டரிகளை ஆட்கள் தலையில் சுமந்து வந்தார்கள்.

காலையில் பெண் அலங்காரம் முடிந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துவராமல் பெண் பந்தலுக்குள் வரக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமன் வரவில்லை. அவர் மகனுக்குத்தான் பெண் என்று சிறு வயதிலேயே பேசியிருந்தார்கள். பெண்ணின் அம்மா அதை மாற்றிக் கீழே கொடுக்க முடிவு செய்ததிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. அவர் வீடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரிவில், பந்தலிலிருந்தே தெரிந்தது. அழைக்கப் போன மூன்று பேரும் தனியாகத் திரும்பினார்கள்.

பெண்ணின் அம்மா செட்காரரிடம் வந்து ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னார். "அந்தப் பாட்டு இருக்குதாப்பா?"

ஐம்பதுகளில் வந்த குடும்பப் படம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அக்கா தம்பியை வளர்க்கிறாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். எடுத்துவைத்த சோற்றின் முன் உட்கார்ந்து அவள் பாடுகிறாள். வீணையும் புல்லாங்குழலும்தான், கடைசிச் சரணத்தில்தான் தாளம் சேரும்.

"இன்னாம்மா, முகூர்த்த நேரத்துல அழுவுற பாட்டு?" என்றார் செட்காரர்.

"நானும் அவனும் கீழ டென்ட்டு கொட்டாயில பார்த்த படம்ப்பா. திரும்புறப்ப தூங்கிட்டான். தூக்கிக்கினே மலை ஏறுனேன். குழாய அவன் வூட்டுப் பக்கம் திருப்பு."

செட்காரர் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பிக் கட்டினார். பாட்டு முடிந்ததும் ரெக்கார்டிலிருந்து முள்ளை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தார். ஐந்தாவது முறை மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தார். "இது கல்யாணமா, கருமாதியா?"

"ஒரு பேட்டரி இறங்கிப்போச்சும்மா," என்றார் செட்காரர். "இன்னொண்ணு தாலி கட்டுறப்ப மேளம் போட வேணும்."

"மாமன் வராம தாலி ஏது? அதயும் மாட்டு."

ஒன்பதாவது முறை பாட்டு பாதியில் இருக்கும்போது பள்ளத்திலிருந்து ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். நேராகச் செட்காரரிடம் போனார்.

"நிறுத்துய்யா. எத்தினி தபா போடுவ? மாடெல்லாம் மிரண்டு ஓடுது."

"மாடு மிரண்டுச்சா, நீங்க மிரண்டீங்களா மாமா?" என்றான் பந்தலில் ஒருவன். சிலர் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. கண் சிவந்திருந்தது. ஏறி வந்த களைப்பாகவும் இருக்கலாம்.

வாசலில் நின்ற அக்காவைக் கடந்து உள்ளே போனார். பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்து மணையில் உட்கார வைத்தார். தாலி கட்டும்போது மேள ரெக்கார்டு இழுத்து இழுத்து ஓடி நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"இலை போட்டாச்சு, ஒக்காருடா," என்றார் அக்கா.

"மாடு தேடணும்." பந்தல் காலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் பள்ளத்தில் இறங்கினார்.

அந்த இலையில் சோறு, பருப்பு, பாயசம் எல்லாம் வைத்திருந்தது. கடைசிப் பந்திவரை அந்த அம்மா அதில் யாரையும் உட்கார விடவில்லை.