சாக்பீஸ் கோட்டைத் தாண்டிய கால்

சினிமாவில் அடி வாங்குவதுதான் அப்போது எனக்குத் தொழில். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கில் சண்டைக்காட்சி. என்னைக் குத்த வேண்டியவன் என் தங்கையின் புருஷன்; அவனும் ஸ்டண்ட்காரன்தான். என்னோடு ஒரே தட்டில் தின்றுகொண்டே, எனக்குத் தெரியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவுக் கல்யாணம் பண்ணியவன். இரண்டு வருஷமாக வேலைப் பேச்சு தவிர அவனோடு ஒரு பேச்சு கிடையாது. மைத்துனன் முறை கொண்டாடி 'அளியா' என்று கூப்பிட்டால் பல்லை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

சாதாரணக் கேமரா என்றால் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தினால் போதும். மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். அன்று வந்ததோ நொடிக்கு ஆயிரம் படம் பிடிக்கிற புது டிஜிட்டல் கேமரா. கண் சிமிட்டுவதைக்கூட இழுத்து இழுத்துக் காட்டும்; நடுவே இடைவெளி தெரிந்தால் மானம் போய்விடும். ஆகவே முஷ்டி தோலைத் தொட வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. மாஸ்டர் என் காலடியில் சாக்பீஸால் கோடு போட்டார். "இதைத் தாண்டினா பல்லு போகும், கேட்டியா?" என்றார். அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. விளக்குச் சூட்டில் முதுகு பொசுங்கியது.

குத்து விழுந்தது. தொடவில்லை, விழுந்தே விட்டது. வாயெல்லாம் ரத்தம், நாக்கில் உடைந்த பல்.

"அய்யோ, அளியா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. வேண்டுமென்றே அடித்துவிட்டு உறவு வேறா, நாயே! காட்சிக்கு வைத்திருந்த தெர்மாகோல் கட்டைகளைத் தள்ளிவிட்டு, சுவரோரம் கிடந்த நிஜ மரச்சட்டத்தை எடுத்தேன். நீட்டிய அந்த வலது கையிலேயே போட்டேன். எலும்பு முறிந்தது எல்லாருக்கும் கேட்டது. கீழே விழுந்தவனை நெஞ்சில் மிதித்தேன். நாலு பேர் என்னைப் பிடித்து இழுக்க, இரண்டு பேர் அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

அந்தக் கேமரா ஒரு ஷாட்டைப் பதிந்து முடிக்கப் பத்து நிமிஷம் எடுக்கும். அதனால் இவ்வளவும் நடந்த பிறகுதான் மானிட்டரில் படம் ஓடியது. இரண்டு நொடிக் காட்சி ஒரு நிமிஷத்துக்கு மேல் நீண்டது.

அவன் முஷ்டி வருகிறது. அவனுக்குப் பயந்து ஒதுங்கினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற திமிர் எனக்கு. முகத்தை முன்னால் தள்ளுகிறேன். என் கால் கோட்டைத் தாண்டுகிறது. அவன் கண்கள் விரிகின்றன. தோளைப் பின்னால் இழுக்கிறான். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. பாதி திறந்த கை என் வாயில் வந்து மோதுகிறது.

"இன்னொரு தடவை போடுங்க சேட்டா" என்று கேமராக்காரரிடம் கேட்டேன். மூன்று தடவை பார்த்தேன். பிறகு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அந்தக் கை இனி முன்போல மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னைக் கண்டதும் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் என்னோடு பேசுகிறாள்.

"மரச்சட்டம் சரிஞ்சு அவர் கையில விழுந்துச்சாமே அண்ணா! நீ பக்கத்துலதானே நின்னே? அவரை ஒரு இழு இழுத்திருக்கப்படாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவன் முந்திக்கொண்டான்.

"அளியன் இழுக்கத்தான்டி பார்த்தான். டைம் கிட்டல."